பேஸ் சார்ஜில் போடப்பட்டது

வயரில் மாட்டினால் எந்தப் பொருளுக்கும் சார்ஜ் ஏறும். மாட்டினால் இறங்குகிற பொருள் ஒன்றும் உண்டு. அதை நம்பி ஒரு மனிதர் முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்பது நாலுகம்பியைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும். பார்த்தவர்கள் அதிகமில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வாசிக்கிற பேஸ் கிதாரில் கம்பி நாலு, ஆகவே ஆள் நாலுகம்பி. அதுவும் நீளமென்று குழுவில் ‘நாலு’ என்று சுருக்கிவிட்டார்கள். வயது ஐம்பத்திரண்டு. கடந்த பதினொரு வருடமாக ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், வாரத்தில் ஐந்து நாள், பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வாசிக்கிறார். குழுவில் நாலு பேர்: கீபோர்டு வாசிக்கும் தலைவர், டிரம்ஸ்காரர், ஒரு பாடகி, கடைசியாக இவர். சாப்பிட வருகிறவர்கள் பாடகியைப் பார்ப்பார்கள். டிரம்ஸ் சத்தம் அதிகமென்று புகார் சொல்வார்கள். தலைவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து விருப்பப் பாட்டு கேட்பார்கள். நாலுகம்பியிடம் ஒரே ஒருவர், ஒரே ஒருமுறை, கை கழுவுகிற இடம் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

அவருடைய பேஸ் ‘ஆக்டிவ்’ வகையைச் சேர்ந்தது. அதாவது மரத்துக்குள்ளே ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்துகொண்டு, கம்பியின் ஓசையைத் தூக்கிவிடுகிறது. அந்த சர்க்யூட்டுக்குச் சோறு போடுவது ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. சில பேஸ்களில் பேட்டரி செத்தாலும் ஒப்பேற்றுவதற்கு ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். இவருடையதில் அந்தக் கருணை இல்லை. பேட்டரி போனால் மரக்கட்டைதான். ஆன், ஆஃப் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வயரைச் செருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப். செருகியபடியே விட்டுவிட்டால், வாசிக்க ஆளில்லாவிட்டாலும் பேட்டரி தன்பாட்டுக்குக் கரைந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் அறிந்த நாலுகம்பி, வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கூட மறப்பார், வயரைப் பிடுங்க மறக்கமாட்டார். பேட்டரி மாற்றிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பேஸின் முதுகில் ஒட்டுவார். வாரத்துக்கு ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்ப்பார். புதியது ஒன்பதரை காட்டும். எட்டுக்குக் கீழே வந்தால் சந்தேகப்படுவார், ஏழரைக்குக் காத்திருக்கமாட்டார். மூடியின் நாலு திருகைக் கழற்றி, பழசை எடுத்து, புதுசைப் போட்டு, மூடித் திருகுவதற்கு அவருக்கு ஒரு நிமிடம் பத்து நொடி. டிரம்ஸ்காரர் கடிகாரம் பிடித்து உறுதிசெய்த கணக்கு இது. சட்டைப் பையில் எப்போதும் ஒன்று உபரி, பேஸ் பையில் இன்னொன்று. ஒரு பேட்டரி மூன்று மாதம் வரும். பதினொரு வருடத்தில் ஒருநாளும் மேடையில் பேட்டரி போனதில்லை.

போன வருடம்தான் மூன்று மாதம் என்பது பத்து நாளாகச் சுருங்கியது.

முதலில் கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டார். கடையை மாற்றினார். பிறகு சர்க்யூட் மேல் சந்தேகம் போயிற்று. திறந்து, ஊதி, மூடினார். அப்புறம் ஒருநாள் மாலை பல் வலி என்று சீக்கிரம் படுத்தவர், கூடத்தில் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். மாமனார் நின்றுகொண்டிருந்தார். ஸ்டாண்டில் இருந்த பேஸில் வயரைச் செருகிவிட்டு, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா பண்றீங்க?”

“சார்ஜ் போடறேன், மாப்பிள்ளை. நீங்க பாட்டுக்கு வந்து போட்டுட்டுப் போயிடறீங்க. காலையில வெறும் டப்பாவைத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?”

மாமனார் முப்பத்துநாலு வருடம் ஒரு துணை மின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் மூளையில் ஒரு சின்ன ரத்தக்கட்டு. கை கால் தப்பியது; நினைவில் மட்டும் அங்கங்கே மின்தடை. மனைவியை இழந்தவர், மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மதியம் தெரியாது. ஆனால் மாலை ஆறு மணி ஷிப்டு மட்டும் தவறாது. வீடு முழுக்கச் சுற்றி வந்து மகளின் போன், மாப்பிள்ளையின் போன், ஷேவிங் மெஷின், டார்ச் என்று ஒவ்வொன்றாகச் சார்ஜில் போட்டு, நீளமான ஒரு நோட்டில் நேரத்தோடு பதிவுசெய்வார். விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் விடுவார். டாக்டருக்கு இதில் ரொம்ப சந்தோஷம். இப்படி ஒரு வேலை இருக்கிறவரைக்கும் மனிதர் தாக்குப்பிடிப்பார் என்று சொல்லியிருந்தார்.

நாலுகம்பி விளக்கிச் சொன்னார். மாமனார் கவனமாகக் கேட்டார், நல்ல கேள்விகள் இரண்டு கேட்டார், “அப்போ இது கரண்டைத் தின்னுற லோடு, கொடுக்கற சப்ளை இல்லை” என்று தொழில்முறையில் ஒப்புக்கொண்டார். மறுநாள் மாலை ஆறு பத்துக்கு ‘க்ளக்’. மூன்று தடவை விளக்கியாயிற்று. மூன்று தடவையும் அவர் முதல்முறையாகப் புரிந்துகொண்டார்.

பேட்டரியைத் தினமும் கழற்றி வைத்துப் பார்த்தார். திருகுகள் மரத்தில் இறங்குகிறவை. இரண்டு வாரத்தில் ஓட்டைகள் தளர்ந்து, தீக்குச்சி வைத்து அடைக்கவேண்டி வந்தது. பேட்டரியின் தலையில் மாட்டும் கிளிப்பின் வயரும் ஒருமுறை கையோடு வந்தது. சரியென்று வயரை ஒளித்துவைத்தார். அன்று மாலை மாமனார் வீட்டை மூன்று சுற்று சுற்றிவிட்டு, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலையிலிருந்த மகளுக்கு ஆறு தடவை போன் செய்தார். “ஒரு லைன் கொடுக்கலைம்மா. காரணம் தெரியலை. என்ன எழுதட்டும்?” என்று கேட்டிருக்கிறார். ராத்திரி சாப்பிடவில்லை.

“அவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதாங்க,” என்றாள் மனைவி. “அதையும் பிடுங்கிட்டா அப்புறம் அவரை எங்கயாவது கொண்டுபோய் விடறதைப் பத்தித்தான் யோசிக்கணும். நேத்துகூட அண்ணன் போன்ல அந்தப் பேச்சைத்தான் எடுத்தான்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லாதீங்க.”

சொல்ல அவருக்கும் வாய் வராது. அதற்கு வேறு கதை இருக்கிறது. பெண் கேட்டுப் போன அன்று அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் பேஸ் என்றால் என்ன, கிதார்தானே, ஏன் ரெண்டு கம்பி குறைகிறது, பணம் பத்தவில்லையா என்று கேட்டார்கள். மாமனார் மட்டும் கடைசியாக வாயைத் திறந்தார். “நீங்க வாசிக்கறது கேக்குமா?” நாலுகம்பி உண்மையைச் சொன்னார்: “தனியா கேக்காதுங்க. நிறுத்தினா, ஏதோ குறையுதுன்னு தெரியும்.” மாமனார் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பி, “நம்ம வேலைதான்,” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்த மரியாதை நாலுகம்பிக்கு அப்புறம் எந்தக் கூடத்திலும் கிடைக்கவில்லை.

ஆகவே மூளையைக் கசக்கினார். கசக்கியதில் நிஜமாகவே ஒன்று வந்தது. பேஸில் செருகும் வயரின் பின்னில் ஒரு கறுப்பு வளையம் இருக்கும். ஹெட்போனுக்கெல்லாம் வருகிற ஸ்டீரியோ பின்னில் இரண்டு. பேட்டரியை எழுப்பும் இணைப்பு ஒற்றை வளைய பின் செருகினால் மட்டும் நடக்கும். இரட்டை வளைய பின்னை வாங்கி, நடுத் துண்டுக்கு வயர் கொடுக்காமல் விட்டுவிட்டால், செருகலாம், ‘க்ளக்’ கேட்கும், ஆட்டிப் பார்க்கலாம், பேட்டரிக்கு மட்டும் எதுவுமே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சால்டரிங் வைத்து இந்தப் பொய் வயரைச் செய்து முடித்தார். நிஜ வயரில், ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப் பக்கத்து முனையில் அடையாளத்துக்கு மஞ்சள் டேப்பைச் சுற்றி, பேஸ் பையின் வெளி அறையில் போட்டார். பொய் வயரை மாமனாரின் வசதிக்குச் சுவர்க் கொக்கியில் தொங்கவிட்டார்.

பேட்டரி மறுபடியும் மூன்று மாதம் வந்தது. மாமனார் ஆறு பத்துக்குச் செருகினார், எழுதினார், சாப்பிட்டார், தூங்கினார். வாழ்க்கையில் ஒரு பிரச்சினையை முழுசாகத் தீர்த்த அனுபவம் நாலுகம்பிக்கு அதுதான் முதல். அதிகப் பழக்கமில்லாததால் தீர்ந்தே விட்டதென்று நம்பிவிட்டார்.

இந்தச் சமயத்தில் ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். இளைஞர், பணிவானவர், ஆகவே ஆபத்தானவர். எல்லாவற்றிலும் ஒன்றைக் குறைப்பது அவருடைய பாணி: மேஜை விரிப்பில் ஒரு அடுக்கு, லிப்டில் ஒரு ஆள், பூச்சாடியில் ஒரு பூ. குழுவைப் பார்த்துவிட்டு, “நாலு பேர் அவசியமா?” என்று தலைவரிடம் கேட்டார். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூடம் காலியாக இருக்கும். மூன்று பாட்டு வாசியுங்கள், கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். குறையப்போகிற ஒன்று எது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாலு பேருக்கும் தெரியும்.

தலைவர் நல்ல மனிதர். “நாலு, பயப்படாதே,” என்றார். “முதல் பாட்டு உன்னோடதுதான். ஆரம்பத்துல அரை நிமிஷம் நீ மட்டும் வாசிக்கறே. யாரும் குறுக்க வரமாட்டோம். பேஸ்னா என்னன்னு அந்தத் தம்பிக்கு வயித்துல தெரியணும்.”

“வேற எடம் கிடைக்குமா தலைவரே, இந்த வயசுல?”

“அதுக்குத்தான் சொல்றேன். வயித்துல தெரியற மாதிரி வாசி.”

வியாழன் காலையில் நாலுகம்பி பழைய பேட்டரி எட்டரை காட்டியும் இரக்கப்படாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் போட்டார். சட்டைப் பையில் ஒன்று, பேஸ் பையில் ஒன்று. ஸ்டாண்டில் மாமனார் இன்னும் பிடுங்காமல் பேஸோடு செருகியிருந்த வயரைப் பிடுங்கித் தரையில் விட்டார். அதன் மறுமுனை வீட்டு ஆம்புக்குப் பின்னால் கிடந்தது. வெளி அறையைத் திறந்து, மஞ்சள் டேப் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. வாசலில் மாமனார், “சார்ஜ் புல்லா இருக்கு, தைரியமாப் போங்க,” என்றார்.

கூடத்தில் காலை முதல் ஏதோ கம்பெனிக் கூட்டம். பதினோரு மணிக்குத்தான் காலியானது. அதற்குள் மேனேஜர் முன் மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டார். சத்தம் சரிபார்க்க நேரமில்லை. ஒலி மிக்ஸர் பார்க்கும் தம்பி பாடகியின் மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நாலுகம்பி செருகினார், தோளை நிமிர்த்தினார், தலைவர் தலையசைத்ததும் முதல் கம்பியை மீட்டினார்.

ஒன்றுமில்லை.

ஏசியின் முனகல் மட்டும் கேட்டது. கம்பி அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடி அவரையே பார்த்தார்.

‘பேட்டரி,’ என்று நினைத்தார் நாலுகம்பி. பதினொரு வருடம் இந்த ஒரு நொடிக்காகத் தயாராக இருந்தவர் அவர். இதைவிடச் சிறப்பாகத் தயாரான மனிதர் அந்த ஊரிலேயே இருந்திருக்க முடியாது. திருப்புளியை எடுத்தார், நாலு திருகு, மூடி, பழசு, புதுசு, மூடி, நாலு திருகு. ஒரு நிமிடம் ஐந்து நொடி. சொந்தச் சாதனையை ஐந்து நொடி வித்தியாசத்தில் முறியடித்திருந்தார். மீட்டினார். ஒன்றுமில்லை.

தலைவர் மேனேஜரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேறு வழியில்லாமல் கீபோர்டில் இடது கையை இறக்கினார். பேஸ் வாசிக்கவேண்டிய இடத்தை இடது கை வாசித்தது. டிரம்ஸ் சேர்ந்தது, பாடகி சேர்ந்தாள். பாட்டு கிளம்பிவிட்டது.

நாலுகம்பி இரண்டாவது உபரியையும் போட்டார். ஒன்றுமில்லை. பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தார், சுருக்கென்று கடித்தது. அப்படியானால் கிளிப். கிளிப்பை நெருக்கினார். அதுவுமில்லையென்றால் உள்ளே வயர். பெரிய மூடியைக் கழற்றி, மேடையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் பத்தினி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது பாட்டு ஆரம்பித்து முடிந்தது. வெளியே தொங்கிக்கொண்டிருந்த வயர் மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. அது நல்ல வயர். அதில்தான் டேப் சுற்றியிருக்கிறதே.

மைக்கை ஒருவழியாகச் சமாதானப்படுத்திய மிக்ஸர் தம்பி மேடையோரம் வந்தான்.

“அண்ணே, வயரை மாத்திப் பார்த்தீங்களா?”

“இது நல்ல வயருப்பா. அடையாளம் போட்டது.”

“அடையாளமா வாசிக்கப்போகுது?” என்று பின்னைப் பிடுங்கிப் பார்த்தான். “என்னண்ணே, ரெண்டு வளையம் இருக்கு! இதைப் போட்டா உங்க பேட்டரி முழிக்கவே முழிக்காதே. எந்தப் புண்ணியவான் செஞ்சு கொடுத்தான் இதை?”

அந்தப் புண்ணியவானை நாலுகம்பிக்கு நன்றாகத் தெரியும்.

தம்பி வேறு வயர் கொடுத்தான். மூன்றாவது பாட்டில் பேஸ் வந்தது. பத்து நிமிடத்து அவமானமும் சேர்ந்து வந்ததோ என்னவோ, மேஜை மேலிருந்த ஸ்பூன்கள் லேசாக நடுங்கின. அவர் அதைவிட நன்றாக என்றுமே வாசித்ததில்லை என்று டிரம்ஸ்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

மேனேஜர் எழுந்து வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். நாலுகம்பிக்கும் கொடுத்தார்.

“ரொம்ப நல்லா இருந்தது சார். முதல் ரெண்டு பாட்டு ரொம்பவே அமைதி. சாப்பிடறவங்க பேசிக்கலாம். மூணாவதுல மட்டும் கீழேயிருந்து ஏதோ இடிக்கற மாதிரி இருந்தது. முதல் ரெண்டு மாதிரியே போயிடலாமே?”

நிறுத்தினால் ஏதோ குறைகிறதென்று தெரியும் என்று ஒரு காலத்தில் பெண் வீட்டில் சொன்ன மனிதர், சேர்ந்தால் ஏதோ இடிக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

சமையலறைப் பக்கத்து நடையில் தலைவர் அவரைப் பிடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் என்ன பண்ணட்டும் நாலு? சும்மா நிக்க முடியலையே, அதான் கையை வெச்சேன்.”

“நல்லாத்தான் வாசிச்சீங்க தலைவரே.”

“வாசிக்காம? பதினோரு வருஷம் உன் பக்கத்துல நின்னிருக்கேன். இடது கைக்கு வேற யாரு சொல்லிக் கொடுத்தா?” பிறகு, “வயரைப் பார்த்திருக்கக் கூடாதாடா?” என்றார்.

நாலுகம்பி பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். கடைசி சீட்டில், பேஸை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தபோது மனைவி போன் செய்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“என்னைக் குறைச்சுட்டாங்க.”

அந்தப் பக்கம் கண்ணாடிக் கடையின் மணி அடித்தது. பிறகு, “அப்பா ஏதாவது தொட்டாரா? உண்மையைச் சொல்லுங்க.”

“அவர் என்ன பண்ணுவார், பாவம். பேட்டரி போயிடுச்சு.”

பதினொரு வருடம் மேடையில் ஒரு தப்பும் செய்யாத பேட்டரி அன்றும் செய்யவில்லை. பழி அதன் மேல் விழுந்தது.

வீட்டில் மாமனார் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நாலுகம்பி நேராக ஆம்புக்குப் பின்னால் போனார். காலையில் தரையில் விட்ட வயரை இழுத்தார். அதன் முனையிலும் மஞ்சள் டேப். பின்னில் ஒற்றை வளையம். பையிலிருந்ததை எடுத்து அருகில் வைத்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஆனால் பையிலிருந்து வந்ததில் டேப் இன்னும் நேர்த்தியாக, ஒரு சுருக்கம் இல்லாமல், முப்பத்துநாலு வருடக் கையால் சுற்றப்பட்டிருந்தது.

மேஜையில் நோட்டு கிடந்தது. முந்தைய நாள் பக்கத்தைப் பார்த்தார். கோணலில்லாத கையெழுத்து.

‘மாலை 6.05. பேஸ் வயர்கள் இரண்டு. ஒன்று கொக்கியில், ஒன்று பையில். ஒன்றில் மட்டும் டேப் உள்ளது. குறைபாடு. மற்றதற்கும் சுற்றப்பட்டது. இப்போது இரண்டும் சரி. 6.10. பேஸ் சார்ஜில் போடப்பட்டது. மீதி வயர் பையில் வைக்கப்பட்டது. நாளை மாப்பிள்ளைக்கு முக்கியமான நிகழ்ச்சி.’

கடைசி வரியை நாலுகம்பி இரண்டு தடவை படித்தார். சாப்பிட்டது நினைவில்லாத மனிதருக்கு இது மட்டும் எப்படி நினைவிருந்தது என்று யாரைக் கேட்பது? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். மகள் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் பக்கத்துக்கு எண் போட்டிருந்தது. ஒன்று காணாமல் போனால் மாமனார் ஆறு தடவை போன் செய்வார். நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மாமனார் கண் திறந்தார். “வந்துட்டீங்களா? சார்ஜ் நின்னுதா மாப்பிள்ளை?”

“நின்னுது மாமா.”

“கடைசி வரைக்கும்?”

“கடைசி வரைக்கும்.”

மாமனார் திருப்தியாகத் தலையாட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இன்னும் இருந்தது. ஆறு மணிக்குத்தான் எழுந்து ஷிப்டைத் தொடங்கினார். போன்கள், ஷேவிங் மெஷின், டார்ச். பேஸிடம் வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு வயரை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. எதைப் போடறது?”

“எதை வேணும்னாலும் போடுங்க மாமா.”

“நாளைக்கு வாசிக்கணுமே உங்களுக்கு?”

“நாளைக்கு லீவு.”

“லோடு இல்லைன்னா லைன் கொடுக்க வேண்டாமே,” என்று தயங்கினார் மாமனார். முகத்தில் அந்த ஆறு போன் மாலையின் நிழல் வந்து நின்றது.

“கொடுங்க மாமா. இருக்கட்டும்.”

‘க்ளக்’ என்றது. மாமனார் ஆட்டிப் பார்த்தார், உறுதியாக இருந்தது. எத்தனை வளையம் என்று நாலுகம்பி குனிந்து பார்க்கவில்லை. மாமனார் நோட்டை எடுத்து, பேனாவை உதறி, நேரத்தை எழுத ஆரம்பித்தார்.